ஆளில்லாத அருவி

கல்லுக்கு மணம் கிடையாது. ஒரு பொருளை முகர வேண்டுமென்றால் அதிலிருந்து மூலக்கூறுகள் கழன்று காற்றில் ஏறி மூக்குக்குள் வர வேண்டும். மல்லிகை அதைச் செய்கிறது. கொதிக்கும் ரசம் செய்கிறது. மழையில் நனைந்த நாய் கேட்காமலே செய்கிறது. குவார்ட்ஸ் வெயிலில் எவ்வளவு காய்ந்தாலும் அப்படி எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. தன்னைத் தானே அவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் அது கல்.

இருந்தும் வாசனைத் திரவியங்களில் இன்று 'மினரல்' என்று ஒரு வகையே இருக்கிறது. கல், உப்பு, சுண்ணாம்பு, உலோகம் இவற்றின் வாசனை என்று சொல்லி விற்கப்படுபவை. காம் தே கார்சான் என்ற ஜப்பானிய ஆடை நிறுவனம் 1998இல் 'ஓதேர் 53' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் பட்டியலில் இருந்தவை மணற்குன்று, உலோகத்தின் மினுக்கம், எரிந்த ரப்பர், நகப்பூச்சு, காற்றில் காயும் துணி. ஆண் பெண் இருவருக்கும் பொது. 2006இல் ஹெர்மெஸ் நிறுவனத்துக்காக ஜான் க்ளோத் எலெனா உருவாக்கிய 'தேர் தெர்மெஸ்' சிக்கிமுக்கிக் கல்லின் வாசனைக்குப் பேர்போனது. அதை ஆண்களுக்கென்றே விற்றார்கள். பூ என்றால் பெண், பாறை என்றால் ஆண். விளம்பரக்காரர்களுக்கு உலகம் எப்போதும் இவ்வளவு எளிமையாக இருந்திருக்கிறது.

வேலை மாறியபோது பழைய அலுவலகத்து நண்பர்கள் எனக்கு இந்த வகையில் ஒரு புட்டி வாங்கித் தந்தார்கள். பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். பெட்டிக்குள் ஒரு சிறு அட்டை. ஈரக்கல், உப்பு, மழைக்கு முந்தைய காற்று, இருபாலருக்கும் என்று முன்பக்கம். பின்பக்கம், இது யாருக்குப் பொருந்தும் என்று ஒரு பத்தி. அமைதியானவர், கூட்டத்தில் இருந்தாலும் தனித்திருப்பவர், யாரையும் சாராதவர், தன்னைப் பற்றி யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லாதவர். பெங்களூரில் என் வயதில் வாடகை வீட்டில் இருக்கும் எல்லோரும் தம்மைப் பற்றி இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் நினைத்தேன்.

கனிமத்தையும் ஆளையும் பொருத்துவது நமக்குப் புதிதில்லை. தென்காசி கடைவீதியில் எந்த நகைக்கடையிலும் ராசிக்கல் பட்டியல் தொங்கும். சிம்மத்துக்கு மாணிக்கம், மகரத்துக்கு நீலம், மேஷத்துக்குப் பவளம், கடகத்துக்கு முத்து. சிறுவயதில் அந்த அட்டையை வாசித்துக்கொண்டே கடை வாசலில் நிற்பேன். பிற்பாடுதான் உறைத்தது, அந்த ஒன்பதில் இரண்டு கல்லே இல்லை. முத்து ஒரு சிப்பிக்குள் வளர்ந்தது, பவளம் கடலடி உயிர்கள் கட்டிய கூடு. நாம் கல் என்று நினைத்துப் போட்டுக்கொள்வதில் ஏதோ ஒரு உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல்லின் வாசனைக்கும் இதே கதைதான்.

1964இல் ஆஸ்திரேலியாவில் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள், வெயிலில் காய்ந்த பாறைகளையும் களிமண்ணையும் நீராவியில் வடித்து மஞ்சள் நிற எண்ணெய் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். முதல் மழையின் வாசனை அந்த எண்ணெயில் இருந்தது. 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில் அதற்குப் 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் பெட்ரா என்றால் கல், இகோர் என்றால் தெய்வங்களின் நாளங்களில் ஓடும் திரவம். கல்லின் ரத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது கல்லுடைய ரத்தம் இல்லை. வறட்சிக் காலத்தில் செடிகொடிகள் விடும் எண்ணெய்ப் பொருட்களைப் பாறையும் மண்ணும் உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. மழை வந்ததும் திருப்பிக் கொடுக்கின்றன.

இன்னொரு பங்குதாரர் ஜியோஸ்மின். ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற மண் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் மூலக்கூறு அது. லட்சம் கோடியில் ஐந்து பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும் என்கிறார்கள். பீட்ரூட்டில் வரும் மண் வாசனை இதுதான். குளத்துக் கெளுத்தியில் வரும் மண்வாடையும் இதுதான். அமிலம் பட்டால் ஜியோஸ்மின் உடைந்து மணமற்றதாகிவிடும். நம் பாட்டிமார் கெளுத்தியைப் புளி ஊற்றி அலசியதற்கு வேதியியல் காரணம் இருந்தது. மழை பெய்தால் வாசனை, மீனில் வந்தால் வாடை. ஒரே மூலக்கூறு. நாற்றம் என்ற சொல்லே ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது என்பதும் நினைவுக்கு வருகிறது.

உலோகத்தின் வாசனை இன்னும் வேடிக்கை. இரும்புக் கம்பியைப் பிடித்துவிட்டுக் கையை முகர்ந்தால் ஒரு மணம் வருமே, அதை 2006இல் டீட்மார் க்ளின்டெமான் என்ற வேதியியலாளரும் அவர் குழுவும் ஆராய்ந்தார்கள். அது இரும்பின் மணம் அல்ல. வியர்வையில் கரையும் இரும்பு, நம் தோலின் எண்ணெய்ப் பசையோடு வினைபுரிந்து சில மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. அதாவது நாம் முகர்வது நம்மையே. பஸ் கம்பியின் வாசனை என்று நான் இத்தனை காலம் நினைத்தது என் உள்ளங்கையின் வாசனை.

இவ்வளவையும் படித்த பிறகு அந்த அட்டையின் பின்பக்கப் பத்தி எனக்குச் சிரிப்பாக இருந்தது. யாரையும் சாராத ஆளுக்குக் கல் வாசனையாம். கல்லுக்கு வாசனை வருவதே செடி, பாக்டீரியா, வியர்வை, மழை என்று நாலு பேர் வந்துபோவதால்தான்.

இதைச் சோதித்துப் பார்க்க குற்றாலத்தைப் போல ஓர் இடம் கிடையாது. வெளியூர்க்காரர்கள் சீசனுக்குத்தான் வருவார்கள். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை, தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியாக நுழைந்து சாரலைக் கொண்டுவரும்போது. அதற்கு முன்னால், ஏப்ரல் மே மாதங்களில், பேரருவி பல வருடங்களில் வெறும் கோடாக ஒழுகும், சில வருடம் அதுவும் இருக்காது. அப்போதுதான் பாறை தெரியும். கறுத்து, வரிவரியாக, மதியத்தில் கை வைக்க முடியாத சூட்டில். இந்த மலைத்தொடரின் தென்பகுதியில் பரவலாக இருக்கும் பாறைகளில் ஒன்றுக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமீது கிடக்கும் கல்லை வைத்து வந்த பெயர் அது. அந்தக் கல் போனது நம் சென்னைப் பக்கத்திலிருந்து. இதற்கும் வாசனைக்கும் சம்பந்தமில்லை, சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அந்தச் சூட்டுப் பாறையில் முதல் சாரல் விழும் அரைமணி நேரம் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமே கிடைப்பது. 2015இல் எம்.ஐ.டி.யில் அதிவேகக் கேமரா வைத்து மழைத்துளியைப் படம்பிடித்தார்கள். நுண்துளையுள்ள பரப்பில் துளி விழும்போது அடியில் காற்றுக்குமிழ்கள் சிக்கி, கோலி சோடாவில் போல மேலேறி வெடித்து, மண்ணில் இருந்ததையெல்லாம் நுண்திவலையாகத் தூக்கி எறிகின்றன. கொட்டும் மழையைவிட மெல்லிய, மிதமான மழைதான் இதை அதிகம் செய்கிறது என்றும் கண்டார்கள். சாரல் என்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிற ஊர்க்காரனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சீசன் வந்துவிட்டால் கல்லின் வாசனை போய்விடும். எப்போதும் நனைந்த பாறை எதையும் சேர்த்துவைக்க முடியாது, அதனால் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. அப்புறம் அருவிக்கரையின் வாசனை முழுக்க மனிதர்களுடையது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்கள், சீயக்காய், ஈரத்துணி, பழக்கடையில் பிளந்துவைத்த துரியன், மிளகாய் பஜ்ஜி. அருவியில் எண்ணெயும் சோப்பும் ஷாம்புவும் கூடாது என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை போட்டது. தண்ணீருக்கு நல்லது. ஆனால் என் தலைமுறைக்குக் குற்றாலம் என்றால் நல்லெண்ணெய் வாசனைதான், அதை எந்த நீதிமன்றமும் மூக்கிலிருந்து எடுக்க முடியாது. கோயிலுக்குள் போனால் அங்கேயும் எண்ணெய். குற்றாலநாதருக்குத் தைலக்காப்பு உண்டு. திருமாலாக நின்றவரை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்தி லிங்கமாக்கினார், அந்தத் தலைவலிக்குத்தான் மூலிகைத் தைலம் என்பது தலபுராணம். கல்லுக்கும் தலை வலிக்கும், எண்ணெய் வைக்க வேண்டும் என்று நினைத்த ஊர் இது.

இந்த ஊருக்குப் பக்கத்தில் மேலகரத்தில் என் அத்தை இருக்கிறாள். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது மாமா இறந்துபோனார். அத்தைக்கு அப்போது முப்பத்தாறு வயது. என்னுடைய இப்போதைய வயது. பிள்ளைகள் இல்லை. பின்கட்டில் தையல் மெஷின் போட்டு, ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்துத் தன் பாட்டைப் பார்த்துக்கொண்டாள்.

பூவையும் பொட்டையும் எடுத்துவிட்டதை எல்லோரும் பார்த்தார்கள். நான் பார்த்தது சோப்பை. மாமா இருக்கும்வரை அந்த வீட்டுக் குளியலறையில் மைசூர் சாண்டல் சோப்பு இருக்கும். அதற்கப்புறம் லைஃப்பாய். பவுடர் டப்பா காணாமல் போனது. தலைக்கு மணக்க மணக்கப் போட்ட எண்ணெய் போய் வெறும் தேங்காயெண்ணெய் வந்தது. யாரும் அப்படிச் செய்யச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வாசனைத் திரவியத்தை ஆணுக்கு வேறு பெண்ணுக்கு வேறு என்று கடுமையாகப் பிரித்து விற்றது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுச் சந்தை. 1994இல் 'சிகே ஒன்' வந்தபோது இருபாலருக்கும் ஒரே புட்டி என்பதே பெரிய செய்தியாக இருந்தது. நம் பக்கம் சந்தனம், ஜவ்வாது, புனுகு, பன்னீர், அத்தர் எல்லாமே பொதுவாகத்தான் இருந்தன. கல்யாண வாசலில் சந்தனக் கிண்ணத்தை நீட்டும்போது ஆணா பெண்ணா என்று யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பது வேறொன்றை. நம் வீடுகளில் வாசனைக்கு நடுவே கிழித்த கோடு ஆண் பெண் கோடு அல்ல, கணவன் இருப்பவள் இல்லாதவள் கோடு. அந்தக் கோட்டைத் தாண்டி எந்த 'யுனிசெக்ஸ்' புட்டியும் வந்ததாகத் தெரியவில்லை.

இதற்கு வயது அதிகம். புறநானூற்றின் 246ஆம் பாட்டைப் பாடியவள் பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு. கணவன் இறந்ததும் தீயில் இறங்கப் போகிறாள், சான்றோர்கள் தடுக்கிறார்கள். அவள் கைம்பெண்ணின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்கிறாள். மணமுள்ள நெய் தொடக் கூடாது. பிழிந்தெடுத்த சோறும் எள் துவையலும் புளியிட்டு வேகவைத்த வேளைக்கீரையும்தான் சாப்பாடு. படுக்கப் பாய் கிடையாது, பருக்கைக் கல் பரப்பிய படுக்கை. அந்த வாழ்க்கைக்குத் தீ மேல் என்கிறாள். கல்லூரியில் இதைப் படித்தபோது தீயைத்தான் கவனித்தேன். இப்போது வாசிக்கும்போது நெய்யும் கல்லும் கண்ணில் படுகின்றன. மணத்தை எடுத்துக்கொண்டு கல்லைக் கொடுத்திருக்கிறார்கள்.

போன வருடம் மே கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். என் பையிலிருந்த புட்டியை அத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னய்யா, சென்ட்டா?"

"ஆமா அத்தே."

"ஆம்பளையாளு போடுததா, பொம்பளையாளு போடுததா?"

"ரெண்டு பேரும் போடலாம்."

"அப்பம் யாருக்கும் இல்லன்னு சொல்லு."

நான் மென்பொருள் எழுதுகிறவன். ஒரு படிவத்தில் பாலினம் என்ற கட்டத்தைக் காலியாக விட அனுமதித்தால், அது எல்லோருக்கும் என்று பொருளா, யாருக்கும் இல்லை என்று பொருளா என்று கூட்டம் போட்டு மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். அத்தைக்கு ஒரு நொடிதான் ஆயிற்று.

மூடியைத் திறந்து முகர்ந்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னாள்:

"மொதச் சாரல் விழுந்ததும் பாறையில இருந்து கெளம்பும்லா, அது கெணக்கா இருக்கு. ஆனா ஆளில்லாத அருவி. எண்ணெ வாசன இல்ல, ஈரத்துணி வாசன இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்குப் போயி நின்னா இப்படி இருக்கும்."

வாசனை விமர்சகர்கள் எழுதியவை நிறையப் படித்திருக்கிறேன். மினரல் வாசனை எப்படிச் செய்யப்படுகிறது என்பதை இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. கல்லில் வாசனை இல்லாததால் அதைப் பிழிந்தெடுக்க முடியாது. சில செயற்கை மூலக்கூறுகளை வைத்து ஈரத்தையும் குளிர்ச்சியையும் நினைவுபடுத்துகிறார்கள். பூவை, பழத்தை, தோலை, எண்ணெயை, அதாவது உயிருள்ளதையெல்லாம், கவனமாகக் கழித்துவிடுகிறார்கள். மிஞ்சுவதைக் கல் என்று நம் மூக்கு எடுத்துக்கொள்கிறது.

புட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து அம்மாதான் போனில் சொன்னாள், அத்தை அதைப் போட்டுக்கொள்கிறாள் என்று. தைத்த துணியைக் கொடுக்கப் போகும்போது, தென்காசிக்கு பஸ்ஸில் போகும்போது, காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு. யாருக்கும் அது சென்ட் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, "அருவிக்குப் போயிட்டு வாறியளா மதினி?" என்று கேட்டாளாம். அத்தை ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

அம்மா இதை ஒரு நல்ல பகிடியாகச் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக வாசனையே இல்லாமல் இருந்த ஒருத்திக்கு ஒரு வாசனை கிடைத்திருக்கிறது, வாசனை என்று யாரும் கண்டுபிடிக்க முடியாத ஒன்றாக அது இருப்பதால். ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிற வரைக்கும் அது என்ன விடுதலை? அடுத்தமுறை போனபோது நேராகவே கேட்டேன். இந்தக் கல்லும் உப்பும் எதற்கு அத்தே, பிச்சிப்பூவே வச்சிக்கிடுங்களேன், இப்ப யார் கேக்கப்போறா என்று.

அத்தை மெஷினிலிருந்து காலை எடுக்காமலே பதில் சொன்னாள். "பூ வச்சா பேசுவாங்க. பேசட்டும், அதுக்கில்ல. ஒவ்வொருத்தருக்கும் நின்னு பதில் சொல்லிக்கிட்டு இருக்கணும்லா? எனக்குத் தைக்கக் கெடக்கு."

அட்டையில் எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. தன்னைப் பற்றி யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லாதவர். அதை எழுதியவர் மனதில் உயரமான கட்டிடத்தில் கண்ணாடிச் சுவர் அருகே தனியாக நிற்கும் யாரோ இருந்திருக்க வேண்டும். தேவையில்லை என்பதும் கட்டுப்படியாகாது என்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். யாரையும் சாராதவர் என்பதும் அப்படித்தான். அந்தக் குணம் அத்தையிடம் இருக்கிறது, அவள் கேட்டு வாங்கியதில்லை. பொருத்தம் சரியாகத்தான் இருக்கிறது. ஏன் சரியாக இருக்கிறது என்பதுதான் எனக்குச் செரிக்கவில்லை. அத்தைக்கு அந்தச் சிக்கலெல்லாம் இல்லை. அவளுக்கு அந்த வாசனை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் என்று அவள் சொல்வாள், அதை நான் நம்பாமலிருக்கக் காரணமும் இல்லை.

புட்டி முடியும் நிலைக்கு வந்ததும் இன்னொன்று வாங்கித் தரலாம் என்று விலையைப் பார்த்தேன். அத்தையின் முப்பது ரவிக்கைக் கூலி. சொன்னால் தொடமாட்டாள். அப்போதுதான் மண் அத்தர் நினைவு வந்தது. உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜில் முதல் மழையின் வாசனையை அத்தராக வடிக்கிறார்கள். பேரும் தாமஸும் தங்கள் கட்டுரையிலேயே, இந்தியாவில் இந்த வாசனையை ஏற்கெனவே பிடித்து விற்கிறார்கள் என்று குறிப்பிட்டிருந்தார்கள். சூளையில் சுட்ட களிமண் வில்லைகளைச் செம்புக் கொப்பரையில் தண்ணீரோடு இட்டு, மூடியைக் களிமண்ணால் பூசி அடைத்து, கீழே விறகும் வறட்டியும் எரிப்பார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாகப் போய், தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி வைத்த இன்னொரு செம்புப் பாத்திரத்தில் சந்தன எண்ணெய்மேல் படியும். சந்தன விலை ஏறியபின் மலிவான சரக்கில் சந்தன எண்ணெய்க்குப் பதில் பாரஃபின்தான் இருக்கும், பார்த்து வாங்க வேண்டும்.

தென்காசியில் பள்ளிவாசல் பக்கம் ஒரு சின்ன அத்தர் கடை. ஒரு ஆள் உட்காரும் இடம், சுற்றிலும் கண்ணாடிக் குப்பிகள். பெரியவர் என் புறங்கையில் வெவ்வேறு இடங்களில் தொட்டுத் தொட்டு வைத்தார். யாருக்கு என்று கேட்பார், அத்தைக்கு என்று சொல்ல வேண்டியிருக்கும், எத்தனை வயது, என்ன விசேஷம் என்று பேச்சு போகும் என்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"வெயிலுக்கா, குளிருக்கா தம்பி?"

அத்தர்காரர்களின் பிரிவினை அது. மண்ணும் வெட்டிவேரும் வெயில் காலத்துக்கு, குளிர்ச்சி. ஹினாவும் ஷமாமாவும் குளிர் காலத்துக்கு, சூடு. ஆளைப் பற்றி அவருக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். வெயிலுக்கு என்றேன். விரல் உயரக் குப்பி ஒன்றில் ஊற்றிக் கொடுத்தார்.

அத்தை அதை மணிக்கட்டில் தேய்த்து முகர்ந்து பார்த்தாள்.

"இது கொளத்து மண்ணு. பாறை இல்ல" என்றாள். மறுபடி முகர்ந்தாள். "நல்லாத்தான் இருக்கு. வேனக்காலத்துல வத்துன கொளத்துல மழ விழுந்தா இப்படித்தான். ஆனா இதப் போட்டுக்கிட்டுப் போனா அருவின்னு சொல்ல முடியாதுல்லா?"

"என்ன சொல்லுவீங்க?"

"கேட்டாப் பாப்போம்" என்று சொல்லி, குப்பியைத் தையல் மெஷின் இழுப்பறையில், பாபின்களுக்கு நடுவே வைத்தாள்.